மிருதங்கத்தின் மேல் மணல் தூவிய மேதை

நம்ம ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் நடக்கும் பட்டிமன்றம் உங்களுக்குத் தெரியும். யார் வீட்டு செட் பெரிசு, எத்தனை வாட்ஸ், ஸ்பீக்கர் எத்தனை இஞ்ச்? வாட்ஸ் ஏறினால் சத்தம் ஏறும், சரி. நாதம் ஏறுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் சர் சி.வி. ராமனின் வாழ்க்கை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ராமன் என்றதும் ஒளிச்சிதறல், நோபல் பரிசு என்று நாம் ஒப்பித்து விடுகிறோம். அதற்கு முன்பு பல வருடங்கள் அவர் ஒலியைத்தான் துருவித் துருவி ஆராய்ந்தார்.

1888 நவம்பர் 7 அன்று திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். தந்தை சந்திரசேகரன் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர்; வயலினும் வாசிப்பார். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. முடித்தார். மாணவராக இருக்கும்போதே, 1906-ல், லண்டனில் வெளிவந்த ஆராய்ச்சி இதழில் அவருடைய கட்டுரை அச்சானது. அப்போது அவருக்கு வயது 18. நம்மில் பலருக்கு இப்போது அதே வயசு!

1907-ல் லோகசுந்தரி அம்மாளைக் கைப்பிடித்தார். அந்த அம்மையார் வீணை வாசிப்பவர். அதே ஆண்டு அரசாங்க நிதித்துறையில் தேர்வாகி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலைக்குச் சேர்ந்தார். கை நிறையச் சம்பளம். வேறொருவராக இருந்தால் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். ராமனோ பவ்பஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கி வைத்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைக் கண்டுபிடித்தார். காலையில் ஆபீசுக்கு முன்னால் அங்கே. சாயந்திரம் ஆபீசு முடிந்ததும் மறுபடியும் அங்கே. ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் ஒருவர், கொஞ்சம் கருவிகள். அவ்வளவுதான் வசதி. நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வந்தபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. 1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் வெகுவாகக் குறையும் என்று தெரிந்தே அரசாங்க வேலையை உதறினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பாருங்கள்: வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம், தபலா. எல்லாம் நம்ம வீட்டுச் சாமான்கள். வயலினில் வில்லின் அழுத்தமும் வேகமும் எப்படி நாதத்தை மாற்றுகின்றன என்று அளக்க, மனிதக் கை இல்லாமல் இயந்திரமே வயலின் வாசிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தார்.

மிருதங்க விஷயம்தான் என்னை ரொம்பக் கவர்ந்தது. வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அடிப்படை அதிர்வோடு அதைப்போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாத மேல் அதிர்வுகள் எழும். அதனால்தான் சாதாரணக் கொட்டுக்கு ஓசை உண்டு, சுருதி கிடையாது. ஆனால் வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாகச் சோறு பூசுகிறார்களே, அந்தக் கனம் கணக்கையே மாற்றி விடுகிறது. ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்து சுரங்களாகச் சேர்ந்து 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் நிற்கின்றன. இதை 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். 1934-ல் விரிவாக வெளியிட்டார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி அடித்து, மணல் எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று பார்த்தே அதிர்வின் வடிவத்தைக் கண்டார். பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் காதால் மட்டுமே கண்டுபிடித்த அற்புதம் அது. இன்றும் மாமல்லபுரத்துச் சிற்பி உளியை வைப்பதற்கு முன் கல்லைத் தட்டி நாதம் பார்க்கிறாரே, அதே பரம்பரைதான்.

1921-ல் வீணை, தம்புராவின் குதிரையை ஆராய்ந்தார். தந்தி கூரான விளிம்பில் நிற்காமல், லேசாக வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு அதிர்வதால், விதிப்படி வரக்கூடாத மேல் சுரங்களும் அதில் எழுகின்றன. தம்புராவில் ஜீவா என்று நூல் வைப்பதும் இதற்குத்தான்.

அதே 1921-ல் இங்கிலாந்து போனவர், லண்டன் புனித பால் தேவாலயத்தின் முணுமுணுப்பு மாடத்தில் ஒலி சுவரோடு ஒட்டி ஓடுவதை சதர்லாண்டுடன் சேர்ந்து அளந்தார். பிறகு பீஜப்பூர் கோல்கும்பாஸ் போன்ற நம் நாட்டு மாடங்களையும் ஆராய்ந்தார். கப்பலில் திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1924-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்; 1928 பிப்ரவரி 28-ல் கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். 1948-ல் சொந்த ஆராய்ச்சி நிலையம். 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் மறைவு.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1933-ல் கமலா பாகவத் என்ற மாணவி பெங்களூரில் சேர வந்தபோது, பெண் என்பதற்காகவே ராமன் தயங்கினார். நிபந்தனை போட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுப் பதில் சொன்னார். காதைக் கூர்மையாக வைத்திருந்தவருக்கும் கேட்காமல் போன குரல் உண்டு.

சரி, இதுக்கும் நம்ம செட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? நிறைய இருக்கு. மேல் சுரங்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதுதான் வீணை, வயலின் என்று நமக்குப் பிரித்துக் காட்டுகிறது. தம்புரா தன் குதிரையால் சுரங்களைக் கூட்டலாம், அது வாத்தியம். ஆம்ப்ளிஃபயர் கூட்டினால் அதற்குப் பெயர் டிஸ்டார்ஷன். உள்ளதை உள்ளபடி கொடுப்பதே நல்ல செட்டின் தர்மம். ஸ்பீக்கர் கோனும் ஒரு மிருதங்கத் தோல்தான். உயர்ந்த அதிர்வெண்களில் முழுசாக அசையாமல் துண்டு துண்டாக அதிரும். அதற்காகத்தான் ஊஃபர், ட்வீட்டர் என்று பிரித்து நடுவில் கிராஸ்ஓவர் போடுகிறோம்.

செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பீக்கர் பெட்டியைப் படுக்க வைத்து, மேலே வரும் பலகையில் காய்ந்த ரவையைத் தூவுங்கள். ஆடியோ ஆசிலேட்டரிலிருந்து 100 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் ரவை துள்ளுகிறதோ, அங்கே பலகையும் சேர்ந்து பாடுகிறது என்று அர்த்தம். உட்புறம் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து இறுக்குங்கள். பெட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். பெட்டியை மூலையிலிருந்து தள்ளி வைத்தால் பாஸ் உறுமுவது அடங்கும். எதிர்ச் சுவரில் கெட்டியான திரை தொங்கினால் எதிரொலி குறையும். புது ஐ.சி. வாங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் முடித்து விடலாம்.

டிப்ளமோ படிக்கிற பசங்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று நம்மிடமே சிலர் கேட்கிறார்கள். ராமனிடம் அந்த நாளில் இருந்தது ஒரு பிடி மணல், ஒரு மிருதங்கம், ஆபீசு நேரம் போக மிஞ்சிய பொழுது. நம்ம லேபில் ஆசிலாஸ்கோப்பே இருக்கிறது, நண்பர்களே!

— இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் துறை, செங்கற்பட்டு