சீனிவாச இராமானுஜன்

சீனிவாச இராமானுஜன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) எண் கோட்பாட்டில் ஆழ்ந்த முடிவுகளைக் கண்ட இந்தியக் கணித மேதை. 1916 இல் அவர் வெளியிட்ட ஓர் ஊகம், தொடர்ச்சியான சமச்சீர்மைக் குலங்களின் உருவகிப்புக் கோட்பாட்டில் இன்றும் தீராத பெரும் வினாவாக வளர்ந்துள்ளது.

இளமை

ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கெழுதியவர், தாய் கோமளத்தம்மாள். 1904 இல் காவிரிக்கரையிலுள்ள அரசு கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அதன் பயனாக 1914 இல் அங்குச் சென்றார்.

டௌ சார்பு

ஒரு முடிவிலாப் பெருக்கத்தின் 24ஆம் அடுக்கை விரித்தால் கிடைக்கும் கெழுக்களை இராமானுஜன் ஆராய்ந்தார். இவையே டௌ சார்பின் மதிப்புகள். டௌ(2) = -24, டௌ(3) = 252, டௌ(6) = -6048. முதலிரண்டின் பெருக்கமே மூன்றாவது என்பதைக் காணலாம். முதல் 30 மதிப்புகளைக் கணக்கிட்ட அவர், பொதுக் காரணியற்ற எண்களுக்கு இவ்விதி எப்போதும் பொருந்தும் என்று ஊகித்தார். 1917 இல் மோர்டெல் இதை நிறுவினார்.

மற்றோர் ஊகம் கடினமானது. ஒரு பகா எண்ணின் 11ஆம் அடுக்கிற்கு வர்க்கமூலம் கண்டு இரட்டித்தால் வரும் எல்லையை, அப்பகா எண்ணுக்குரிய டௌ மதிப்பின் அளவு தாண்டாது என்பதே அது. பகா எண் 2 எனில் எல்லை ஏறத்தாழ 90.5; டௌ மதிப்பின் அளவோ 24. இத்துறை கணிதத்தின் ஒதுக்குப்புறமாகத் தோன்றக்கூடும் என்று ஹார்டியே 1940 இல் குறிப்பிட்டார். ஆயினும் 1974 இல் பெல்ஜியக் கணிதவியலர் டெலீன் இவ்வூகத்தை நிறுவியது அந்நூற்றாண்டின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாயிற்று.

உருவகிப்புக் கோட்பாட்டில்

சுழற்சி போலத் தொடர்ச்சியாக மாறும் சமச்சீர்மைகள் ஒரு குலமாக அமையும். அதன் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு நேரியல் உருமாற்றமாகக் காட்டி ஆராய்வதே உருவகிப்புக் கோட்பாடு. முடிவிலாப் பரிமாணங்களில் இதைக் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் கான்பூரில் பிறந்த ஹரிஷ்-சந்திரா (1923–1983). டௌ சார்பும் அத்தகைய ஓர் உருவகிப்பின் சுவடே. 1966 இல் இச்சிரோ சடாகே இராமானுஜனின் எல்லையை, ஹரிஷ்-சந்திரா வகுத்த ஒருவகை உருவகிப்புகளைப் பற்றிய கூற்றாக மாற்றியமைத்தார். அப்பொது வடிவம் 2×2 அணிகளின் குலத்திற்குக்கூட முழுமையாக நிறுவப்படவில்லை.

இறுதி நாட்கள்

1918 இல் அரச கழகத்தின் உறுப்பினரான இராமானுஜன், நோயுற்று 1919 இல் தாயகம் திரும்பினார். கும்பகோணத்திலும் சில காலம் தங்கியபின், சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் அகவையில் மறைந்தார். அதுவரை ஆய்வைக் கைவிடவில்லை.

நினைவு

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பேணுகிறது. 32 வயதைக் கடவாத கணிதவியலருக்கு 2005 முதல் அது வழங்கும் இராமானுஜன் பரிசைப் பெற்ற அக்‌ஷய் வெங்கடேஷ் (2008), பீட்டர் ஷோல்சே (2013) ஆகியோர், அவ்வூகம் சென்றடைந்த இத்துறையிலும் ஆய்ந்தவர்கள்.