பாலையில் சொல் தேடிய பேராசான்

அரபு மொழியின் முதல் அகராதியை வகுத்தவரும் அதன் யாப்பை முறைப்படுத்தியவருமான கலீல் இப்னு அஹ்மத் அல் ஃபராஹீதி, கி.பி. 718ஆம் ஆண்டையொட்டி ஓமான் நாட்டில் பிறந்தவர். இளமையிலேயே பஸ்ரா நகரை அடைந்து, அங்கேயே வாழ்ந்து மறைந்தார். படைவீடாகத் தோன்றிய அந்நகர் அவர் காலத்தில் பெருவணிகத் தலமாக விளங்கியது. அதன் மேற்குப் புறத்தில், பாலை தொடங்கும் இடத்தில், மிர்பத் என்னும் சந்தை கூடியது. ஒட்டகச் சாத்துகளோடு வந்த பாலைநிலக் கவிஞர்கள் அங்குத் தம் குலப்பெருமை பாடினர். இலக்கண ஆசிரியர்கள் அவர்களைச் சூழ்ந்து நின்று சொல் சேகரித்தனர்.

அந்த ஆர்வத்திற்குப் பின்னால் ஓர் அச்சமும் இருந்தது. இசுலாமியப் பேரரசு விரிய விரியப் பாரசீகரும் பிறரும் அரபு பேசத் தொடங்கினர். நகரத்துப் பேச்சு திரிந்தது. பழம்பாடல்களோ பெரும்பாலும் மனனத்திலேயே வாழ்ந்தன. பாடியவர் மறைந்தால் பாட்டும் அதன் அருஞ்சொல்லும் உடன் மறையும். அபூ அம்ர் இப்னுல் அலாவிடம் பயின்ற கலீல், சந்தைக்கு வந்த சொற்களோடு நிறைவடையாது ஹிஜாஸ், நஜ்து, திஹாமா எனப் பாலைநிலங்களுக்கே சென்று கேட்டறிந்தார் என்பர்.

செம்புக் கொட்டிகளின் தெருவில் சம்மட்டி ஓசை கேட்டு அவர் யாப்பைக் கண்டார் என்றொரு கதை உண்டு. அழகிய கதைதான், ஆனால் ஆயிரமாயிரம் அடிகளைச் செவியால் அலகிட்டவருக்கே சம்மட்டி அவ்வாறு ஒலிக்கும். உயிரொலி பெற்ற எழுத்து, பெறாத எழுத்து என்னும் இரண்டை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு அசைகளை வகுத்தார். அசைகளால் எட்டுச் சீர்களையும், சீர்களால் பதினைந்து சந்தங்களையும் அமைத்து, அவற்றை ஐந்து வட்டங்களுள் அடக்கினார். ஒரே வட்டத்தில் தொடங்குமிடத்தை மாற்றினால் வேறொரு சந்தம் பிறக்கும். பதினாறாவது சந்தத்தைப் பின்னர் அவர் மாணாக்கர் அக்ஃபஷ் சேர்த்தார் என்பது மரபு. யாப்பின் கலைச்சொற்கள் பல பாலைக் கூடாரத்தைச் சார்ந்தவை: பாட்டின் அடிக்குக் கூடாரம் என்றும், அசைகளுக்குக் கயிறு, முளை என்றும் பெயர். கலீலின் சொந்தக் கவிதைகளாகச் சில சிறு பாடல்களே எஞ்சியுள்ளன.

அகராதியில் அவர் நெடுங்கணக்கின் வரிசையைப் பின்பற்றவில்லை. தொண்டையின் அடியிற் பிறக்கும் 'அய்ன்' எழுத்தில் தொடங்கி, இதழை நோக்கி ஒலிகளை அடுக்கினார். நூலும் 'கிதாபுல் அய்ன்' எனப் பெயர் பெற்றது. மூன்று மெய்கள் ஆறு வகையாக மாறி அமையும். நான்கு மெய்கள் இருபத்து நான்கு வகையாக அமையும். அவ்வமைப்புகளுள் வழக்குடையன எவை, வழக்கற்றன எவை என்று பிரித்தார். நூலை நிறைவு செய்தவர் அவர் மாணாக்கர் லைத் என்பர். முழுவதும் லைத்துடையதே என வாதிட்ட பிற்கால அறிஞரும் உளர். எனினும் அந்தத் திட்டம் கலீலின் மதியிற் பிறந்தது என்பதை ஏற்பதே பொருந்தும். 1980களில் பாக்தாதில் அது எட்டுத் தொகுதிகளாக அச்சேறியது. இன்றும் அரபு எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் உயிர்க்குறிகளும் அவர் வகுத்தனவே என்பர்.

ஆசிரியராகவும் அவர் ஒப்பற்றவர். பாரசீக மாணாக்கர் சீபவைஹி தம் பேரிலக்கணத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் அவர் கருத்தையே முன்வைக்கிறார். பின்னாளில் பழம்பாடல்களின் களஞ்சியமாகத் திகழ்ந்த அஸ்மயீக்கோ யாப்பு மட்டும் பிடிபடவில்லை. கலீல் கடிந்துகொள்ளவில்லை, இயலாத செயலைக் கைவிடுதல் பற்றிய ஒரு பழைய பாட்டடியைக் கொடுத்து அலகிடச் சொன்னாராம். மாணாக்கர் குறிப்பை உணர்ந்து அப்பாடத்தை விட்டார்.

மாணாக்கர் அவர் கல்வியால் செல்வம் ஈட்ட, அவரோ பஸ்ராவில் நாணற்குடிலில் வாழ்ந்தார். ஆளுநர் சுலைமான் இப்னு ஹபீப் தம் அவைக்கு அழைத்தபோது, வந்த தூதரிடம் காய்ந்த ரொட்டியைக் காட்டி, அது உள்ளவரை ஆளுநர் தமக்குத் தேவையில்லை என மறுத்தார். சினந்த ஆளுநர் அவருக்கு வழங்கிவந்த உதவித்தொகையை நிறுத்தினார். கலீல் கவிதையாலேயே விடையளிக்க, ஆளுநர் நாணி அதனை இரட்டித்துத் தந்தார் என்பது செய்தி.

வேலைக்காரப் பெண்ணொருத்தியும் கடைக்காரரிடம் ஏமாறாதபடி எளிய கணக்குமுறை ஒன்றை வகுக்க எண்ணி, அச்சிந்தனையிலேயே பள்ளிவாசலுள் நடந்தவர் தூணில் மோதி வீழ்ந்து உயிர் நீத்தார் என வரலாற்றாசிரியர் எழுதுவர். ஆண்டு 786 என்றும் 791 என்றும் கூறப்படுகிறது.

கூஃபா நகரத்து அறிஞர் கிஸாயி, கலீலின் புலமை எங்கிருந்து வந்தது என அவரிடமே கேட்டறிந்து பாலைக்குச் சென்றிருந்தார். பதினைந்து குப்பி மை தீரச் சொற்களை எழுதிக்கொண்டு அவர் பஸ்ராவுக்குத் திரும்பியபோது, கலீலின் இடத்தில் யூனுஸ் இப்னு ஹபீப் அமர்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.