3 ஆண்டு சம்பளமே வாங்காத பேராசிரியர்... கார் ரேடாருக்கும் ஜெகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன தொடர்பு?

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன், ஒரகடத்தில் கார். இரண்டுமே இன்று ரேடியோ அலைகளை நம்பி இருக்கு. அந்த அலைகளை உணரும் அரைக்கடத்திக் கருவிக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஒரு இந்தியர். அவர்தான் ஜெகதீஷ் சந்திர போஸ்.

யார் இவர்?

1858 நவம்பர் 30-ல் இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஒரே வேலைதான், ஆனால் இந்தியர் என்பதால் ஆங்கிலேயரை விட சம்பளம் குறைவு. அப்பாவின் கடன் வேறு கழுத்தை நெரித்தது. ஆனாலும் போஸ் 3 ஆண்டு பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, பாக்கியோடு முழுச் சம்பளம் கொடுத்தது.

என்ன செய்தார்?

சரியான ஆய்வகம் இல்லை. தகர வேலை செய்பவரை வைத்தே கருவிகளைச் செய்தார். 1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில், சுவரைத் தாண்டி அலையை அனுப்பி மணியை ஒலிக்க வைத்தார். அவர் ஆராய்ந்த அலைகளில் சில, வெறும் 5 மில்லிமீட்டர் நீளம். அதாவது சுமார் 60 கிகாஹெர்ட்ஸ்.

அலையை உணர அவர் பயன்படுத்தியது கலினா எனும் ஈயத் தாது. இன்றைய டையோடுக்கு முன்னோடி இது. நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பித்தார். 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதை வைத்து காசு பார்க்கவில்லை.

இன்றைக்கு என்ன தொடர்பு?

போஸ் தீப்பொறியில் அலை உண்டாக்கினார். இன்று துல்லியமான அலை தருவது குவார்ட்ஸ் படிகம். ஆனால் அது பொதுவாக சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான். அதிலிருந்து கிகாஹெர்ட்ஸுக்கு ஏற, அதிர்வெண்ணைப் பெருக்கணும்.

எப்படி? ரொம்ப சிம்பிள். மேலும் கீழும் ஆடும் அலையின் கீழ்ப் பாதியை டையோடுகள் மேலே மடிச்சு விடும். ஒரு மேடு இருந்த இடத்தில் இப்போ இரண்டு மேடு, அதிர்வெண் இரட்டிப்பு! தேவையில்லாத அலைகளை ஃபில்டர் நீக்கிவிடும்.

லாஜிக் கேட்டிலும் இது முடியும். சதுர அலையையும், கொஞ்சம் தாமதமாக வரும் அதன் நகலையும் எக்ஸ்-ஆர் கேட்டில் கொடுத்தால், அலை ஏறும்போது ஒரு துடிப்பு, இறங்கும்போது ஒரு துடிப்பு. 10 மெகாஹெர்ட்ஸ் உள்ளே போனால் 20 வெளியே வரும்.

கார் ரேடார் இயங்குவது 77 கிகாஹெர்ட்ஸ் அளவில். சில ரேடார் சிப்கள் 20 கிகாஹெர்ட்ஸ் அளவில் அலையை உருவாக்கி, 4 மடங்காகப் பெருக்குகின்றன. அலையின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட போஸ் தொட்ட அதே அளவு.

பின்னர் தாவர ஆராய்ச்சிக்குத் திரும்பிய போஸ், 1917-ல் கொல்கத்தாவில் தன் பெயரிலான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் காலமானார். டிரான்சிஸ்டர் வந்தது அதற்கும் 10 ஆண்டு கழித்துத்தான்.