தாய்மாரைக் காத்த லூசி அம்மையார்

1928-ம் ஆண்டு. பம்பாய் நகரம்.

அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், வயிற்றில் பிள்ளை உண்டானதும் வெளிறிப் போனார்கள். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. பலர் உயிரையே இழந்தார்கள்.

அது ஒருவகை இரத்த சோகை. காரணம் என்ன? அதைக் கண்டறிய இங்கிலாந்தில் இருந்து வந்தார், ஒரு பெண் டாக்டர். அவர்தான் லூசி வில்ஸ்.

லூசி 1888-ல் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவர நூல் படித்தார். பிறகு லண்டனில் மருத்துவம் பயின்று, 1920-ல் டாக்டர் ஆனார்.

சாப்பாட்டில் இருந்தது காரணம்

பம்பாய்ப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று லூசி விசாரித்தார். காய், கனி, பால், இறைச்சி எதுவும் போதிய அளவு கிடைக்காத ஏழைகளையே இந்த நோய் அதிகம் பிடித்தது.

அந்த உணவையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துச் சோதித்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆராய்ச்சி நடந்தது.

"மார்மைட்" என்று ஒரு பண்டம் உண்டு. பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டில் இருந்து செய்வது. விலை மலிவு. அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். வெளிறிய முகங்களில் இரத்தம் ஊறியது! 1931-ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

மார்மைட்டில் இருந்த சத்து எது? 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நாலு டன் பசலைக் கீரையில் இருந்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலையில் கிடைத்ததால் "ஃபோலிக் அமிலம்" என்று பெயரிட்டார்கள். லத்தீன் மொழியில் "ஃபோலியம்" என்றால் இலை. லூசி தேடியது அதுதான்.

பிள்ளைக்கும் கவசம்

லூசி மணம் செய்து கொள்ளவில்லை. 1964-ல் காலமானார். ஆனால் அவர் கண்ட சத்தின் முழுப் பெருமை 1991-ல்தான் தெரிந்தது.

முதுகெலும்பு சரியாக மூடாமல் சில குழந்தைகள் பிறப்பது உண்டு. அப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இந்தச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மீண்டும் அக்குறை வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது.

கரு உண்டான முதல் மாதத்துக்குள்ளேயே முதுகுத்தண்டு மூடிவிடும். கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரிவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது!

ஆகவே, கர்ப்பம் தெரிந்தபின் ஊட்டினால் மட்டும் போதாது. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் மருமகளின் தட்டில், இன்றே கீரையும் பயறும் இருக்க வேண்டும். நாளைய பேரப்பிள்ளையின் உடல்நலம் அந்தத் தட்டில்தான் தொடங்குகிறது.