உமிழ்நீரில் உண்மை கண்டவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

உருசிய நாட்டின் ரியாசான் நகரில் 1849ஆம் ஆண்டு பிறந்தவர் இவான் பெட்ரோவிச் பாவ்லோவ். தந்தை ஓர் எளிய பாதிரியார். சிறு வயதில் கீழே விழுந்து அடிபட்டதால் 11ஆம் வயதில்தான் பாவ்லோவ் பள்ளிக்குச் சென்றார். மகனும் பாதிரியாராக வேண்டும் என்றே சமயப் பள்ளியில் சேர்த்தனர். அங்கே, மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றிச் செசெனோவ் எழுதிய நூல் அவர் கைக்குக் கிட்டியது. பாதை மாறியது. 1870இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவரானார்.

வறுமை அவரை நெடுங்காலம் வாட்டியது. 40 வயதைக் கடந்த பின்னரே, 1890இல், பேராசிரியர் பதவி கிடைத்தது. நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் உருசியர் அவரே.

அவ்வாய்வில் ஓர் இடையூறு இருந்தது. உணவு வாயில் படுமுன்னரே, அதைக் கொண்டுவருபவரைக் கண்டதும் நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. பிறர் ஒதுக்கியிருக்கக்கூடிய அந்த இடையூறையே பாவ்லோவ் ஆராயப் புகுந்தார். மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை ஒலிக்கச் செய்து, உடனே உணவளித்தார். பலமுறை இவ்வாறு செய்தபின், ஒலி கேட்ட அளவிலேயே உமிழ்நீர் சுரந்தது. இதுவே ஆக்க நிலையுறுத்தல். உணவின்றி ஒலியை மட்டும் தொடர்ந்து எழுப்பினால் சுரப்பு படிப்படியாகக் குறைந்து நின்றது. சிறிது ஓய்வுக்குப் பின் ஓரளவு மீண்டும் தலைகாட்டியது.

1924இல் லெனின்கிராட்டில் பெருவெள்ளம். கூண்டுகளில் நீர் ஏறவே, நாய்களை நீந்தச் செய்து மீட்டனர். அதன்பின் சில நாய்கள் கற்றவற்றை இழந்தன. பயிற்சியால் தேறிய ஒரு நாய், கதவடியில் சிறிது நீர் கசியக் கண்டதும் மீண்டும் நிலைகுலைந்தது. அச்சமும் கற்கப்படுவதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பாவ்லோவ் தம்மை உடலியலாளர் என்றே கருதினார். ஆயினும் அமெரிக்காவின் வாட்சன் முதலிய நடத்தைவாதிகள் அவரது ஆய்வைத் தம் கொள்கைக்குத் துணையாகக் கொண்டனர். ஆய்வில் துன்புற்ற நாய்களுக்கு 1935இல் நினைவுச் சின்னம் எழுந்தது. 1936 பிப்ரவரி 27ஆம் நாள், தம் 86ஆம் வயதில் பாவ்லோவ் மறைந்தார்.

மாணவத் தோழர்களே! எழுத்தறியா இல்லங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். ஆங்கிலம் என்றாலும் தேர்வு என்றாலும் நமக்கு உள்ளூர ஒரு நடுக்கம். அது பிறவிக் குறையன்று. பட்டுப் பட்டுக் கற்றது. கற்றதை மாற்றியும் கற்கலாம். அதற்கு ஒரு நாள் போதாது. சொட்டுச் சொட்டாக அளந்த அப்பெரியாரின் பொறுமை வேண்டும்.