சின்ன வேடம்; பெரிய சிரிப்பு!

ஷேக்ஸ்பியர் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. அவருடைய நாடகங்களில் நடித்து, லண்டன் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர் யார் தெரியுமா? வில்லியம் கெம்ப்!

கெம்ப், 1586-லேயே டென்மார்க் அரண்மனைக்குச் சென்று வந்த கலைஞர். 1594-ல் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமசின்போது, எலிசபெத் ராணியின் முன்னிலையில் அந்தக் குழு நடித்தது. அதற்கான பணத்தைப் பெற்றுக்கொண்ட மூவரில் ஷேக்ஸ்பியர் ஒருவர், கெம்ப் இன்னொருவர்.

முட்டாள் காவலன்

"மச் அடோ அபவுட் நத்திங்" என்ற நாடகத்தில் கெம்ப்புக்குக் கிடைத்த வேடம் டாக்பெரி. அவன் ஊர்க்காவல் தலைவன். பெரிய வார்த்தைகளைத் தப்பும் தவறுமாகப் பேசுவான். மேடைக்கு வருவது நான்கே காட்சிகளில்தான். ஆனால், கதையின் முடிச்சு அவன் கையில்!

ஹீரோ என்ற பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அவள் நடத்தை கெட்டவள் என்று மாப்பிள்ளையை நம்ப வைக்கிறான், ஒரு சதிகாரன். அவனுடைய கையாள் இரவில் இந்த ரகசியத்தை நண்பனிடம் உளறுகிறான். டாக்பெரியின் காவலர்கள் அதைக் கேட்டு, இருவரையும் பிடித்துவிடுகிறார்கள்.

காலையில் பெண்ணின் தகப்பனாரிடம் டாக்பெரி போகிறான். வந்த விஷயத்தைச் சொல்லாமல் வளவளவென்று பேசுகிறான். கல்யாண அவசரத்தில் இருந்த அவர், அவனை அனுப்பிவிடுகிறார்.

விளைவு? நாலு பேர் நடுவில் ஹீரோ அவமானப்படுகிறாள்!

கடைசியில் உண்மை வெளிவருவது அந்தக் காவலர்களால்தான். பெரிய மனிதர்கள் ஏமாந்தார்கள். முட்டாள்கள் ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றினார்கள். குற்றவாளி பிடிபட்டது சபையோருக்கு முன்பே தெரியும். அதனால்தான் ஹீரோ மனம் உடைந்து சாயும்போதும், நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் போவதில்லை.

சலங்கை ஆட்டம்

1599-ல் குளோப் நாடகக் கொட்டகையின் பங்குதாரர்களில் ஒருவரானார், கெம்ப். ஆனால், விரைவிலேயே விலகிவிட்டார். 1600 பிப்ரவரியில், காலில் சலங்கை கட்டி, லண்டனிலிருந்து 100 மைலுக்கு அப்பாலுள்ள நார்விச் நகருக்கு ஆடிக்கொண்டே போனார்! ஆடிய நாட்கள் 9. நடுநடுவே ஓய்வு. நார்விச் நகரத் தலைவர் அவருக்குப் பரிசு கொடுத்தார். இந்தப் பயணத்தைப் பற்றிக் கெம்ப் ஒரு புத்தகமும் எழுதினார்.

அதே 1600-ல் நாடகமும் அச்சாயிற்று. ஒரு காட்சியில், டாக்பெரி என்று இருக்க வேண்டிய பல இடங்களில் கெம்ப் என்றே இருந்தது! எழுதும்போதே ஷேக்ஸ்பியரின் மனக்கண்ணில் நின்றவர், அந்தச் சிரிப்பு நடிகர்தான்.