ஐயாயிரம் அடியில் ஒரு கோடு

மலையகத்தில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும், கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் களனி கங்கை செம்மண் நிறமாகிவிடும். அது ஏதோவொரு மலைச்சரிவின் மேல்மண். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இந்த ஆற்றின் கதையில் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் என்ற ஆங்கிலேயருக்கும் ஓர் இடம் உண்டு.

1817 இல் பிறந்த ஹூக்கர் மருத்துவம் படித்தவர். 22 வயதில் அந்தாட்டிக்கா நோக்கிக் கப்பலேறினார். பின்னர் இமயமலையில் செடி தேடி அலைந்தார், சிக்கிமில் சிறைப்பட்டார். டார்வினின் நெருங்கிய நண்பர். 1865 இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளரானார்.

கியூவுக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் இடையே கடிதங்களும் விதைகளும் உலர்த்திய செடிகளும் கப்பலில் போய்வந்த காலம் அது. இன்று சர்வதேச மாநாடுகள் செய்யும் வேலையை அன்று அந்தக் கடிதங்கள் செய்தன. மலைநாட்டிலோ கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. புல்பூண்டு இல்லாமல் துப்புரவாக்கிய தோட்டங்களில் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை ஓடைகளுக்குள் தள்ளியது. முகில் தொடும் உயரத்துக் காடு மழையை வேரிலும் சருகிலும் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும். அது அழிந்தால் மாரியில் வெள்ளம், கோடையில் வரண்ட ஆறு.

5000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கைவைக்கக் கூடாது என்று 1873 இல் ஹூக்கர் பிரித்தானிய அரசிடம் எடுத்துரைத்தார். அதன்படி தடையுத்தரவும் வந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுக்கும் ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவானபோது அங்கே காடு மிஞ்சியிருந்ததில் அந்த உத்தரவுக்குப் பெரும்பங்கு உண்டு.

அதற்காக அவரை வெறும் காவல்தெய்வமாக்க முடியாது. அவர் பணிப்பாளராக இருந்தபோதே, 1876 இல், கியூவில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. பேரரசின் இலாபத்துக்குச் செடி தேடிக் கொடுத்ததும் அதே பூங்காதான். ஆனால் உழைப்பில் அவரைக் குறைசொல்ல இயலாது. பேராதனைப் பணிப்பாளர் ட்ரைமன் 1896 இல் இறந்தபோது, அவர் முடிக்காமல் விட்ட இலங்கைத் தாவர நூலின் அடுத்த இரு பாகங்களை எண்பது வயதில் எழுதிக்கொடுத்தார். 1911 டிசெம்பரில், 94 வயதில் மறைந்தார்.

அவர் போட்ட கோடு காட்டையும் நீரையும் பார்த்தது. கோட்டுக்குக் கீழே, நோயில் கோப்பி அழிந்து தேயிலை ஏறிய சரிவுகளில், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்களின் லயக் காம்பராக்கள் இருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து அந்தக் காம்பராக்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்களில் பலரின் உடல்கள் இன்றுவரை உறவுகளின் கைக்குக் கிடைக்கவில்லை.